ஏழு பேர் சேர்ந்தால் சங்கம்



ஜாசின், மெர்லிமாவ், ஆலோர் காஜா பக்கம் தோட்டம் கைமாறியதும் நம்மில் பலர் டவுனுக்கு வந்துவிட்டோம். வந்த இடத்திலும் கோயில் நிதி, பிள்ளைகளின் டியூஷன், சாவுச் செலவு என்று பணம் கூட்டுகிறோம். அந்தப் பணம் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் நல்ல மனிதர் ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கில். நாளை அவர் கண்ணை மூடிவிட்டால் அது அவர் சொத்தோடு சேர்ந்துவிடும். நம் டியூஷன் வகுப்பு வங்கிக்குத் தெரியாது.

1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டப்படி ஒரு நோக்கத்துக்காக 7 பேர் சேர்ந்தாலே அது சங்கம். பதியாவிட்டால் சட்டவிரோதம். 'நல்ல காரியம்தானே செய்கிறோம்' என்று சொல்லித் தப்ப முடியாது. ஹிண்ட்ராஃப் உங்களுக்கு நினைவிருக்கும். 2007 நவம்பர் 25-இல் ஆயிரக்கணக்கானோர் கோலாலம்பூரில் திரண்டார்கள். 2008 அக்டோபர் 15-இல் அதைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவிக்க இதே சட்டம்தான் பயன்பட்டது. தடை நீங்க 2013 ஜனவரி 26 வரை ஆனது. அது அரசியல் முடிவு என்பது என் கருத்து.

இப்போது வழியைச் சொல்கிறேன். சங்கப் பதிவிலாகாவுக்கு இ-ரோசஸ் மூலம் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சட்டவிதி, தொடக்கக் கூட்டக் குறிப்பு, பொறுப்பாளர் பட்டியல் வேண்டும். ஏற்கெனவே உள்ள சங்கத்தின் பெயர் போலப் பெயர் வைக்காதீர்கள், தள்ளிவிடுவார்கள்.

பதிவது சுலபம். அதைக் காப்பாற்றுவதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறோம். ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் வரவு செலவுக் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அனுப்பாமலே இருந்தால் பதிவு ரத்தாகலாம். ரத்தானால் சங்கத்தின் சொத்து திவால் இலாகாவின் கைக்குப் போய்விடும். ஆகவே தலைவரைத் தேடுவதைவிட நோட்டில் ஒழுங்காக எழுதும் செயலாளரைத் தேடுங்கள். அக்காமார் சிலர் கூட்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு காசு பிசகாது. அவர்களை ஏன் சமையலுக்கு மட்டும் கூப்பிடுகிறோம்?

பணமில்லை என்பவர்களுக்கு ஒன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டித்தான் தோட்டங்களையே வாங்கினார்கள்.

வரும் கூட்டத்துக்கு இடைநிலைப்பள்ளி படிக்கும் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். பாரம் மலாய்மொழியில் இருக்கும், நிரப்ப அவர்கள் கை வேண்டும்.