கையும் கருவியும்



சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழை வாங்கியவுடன் கோவலனிடம் நீட்டிவிடவில்லை. பண்ணல், பரிவட்டணை முதலான எண்வகைச் செயல்களால் அதன் இசையை ஆராய்ந்த பின்னரே தருகிறாள். கருவியின் இயல்பறிந்து பணிவது கலைஞரின் முதற்பழக்கம். ஆண்டுகள் செல்லச்செல்லக் கருவியும் கலைஞருக்குப் பணிகிறது.

மாண்டலின் உ. சீனிவாஸ் (1969–2014) இதற்குச் சான்றாவார். மேலைநாட்டு மாண்டலினில் நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள் உண்டு. மீட்டிய ஒலி விரைந்து தேய்வதால் கமகம் நிற்பதில்லை. அவரோ மின்மாண்டலினை ஏற்றார், இணைத்தந்திகளை ஒற்றையாக்கினார், ஐந்தாம் தந்தியும் சேர்த்தார். இம்மாற்றங்கள் புதுமை வேட்கையால் அன்று, இராகத்தின் தேவையால் நிகழ்ந்தவை.

என் பழக்கமோ வேறுவகையில் மாறியது. இராமேசுவரத்து உப்புக்காற்றில் தந்திகள் விரைவில் துருவேறும். இளமையில் நாள்தோறும் வீணையைத் துடைத்து மீட்டினேன். முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கியபின் உறையிட்டு மூடினேன். ஏட்டில் யாழைத் தேடிய ஆண்டுகளில் வீட்டில் வீணை துருவேறிக் கிடந்தது!

விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. நூலால் கருவியை அறியலாம். கையால்தான் வாழ்விக்க இயலும். சென்ற திங்கள் புதுத்தந்தி பூட்டினேன். விரல்நுனிகள் மீண்டும் நோகின்றன, அந்நோவு இனிது.