சின்னத்திரை எங்களுக்கும் கேட்கட்டும்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்குப் பார்வை கிடையாது. ஆனாலும் இரவு சீரியலை விடுவதில்லை! வசனம் இருக்கும்வரை கவலையில்லை. திடீரென்று பேச்சு நின்று இசை மட்டும் ஓடும். அவள் கடிதத்தைக் கிழித்தாளா, ஒளித்து வைத்தாளா? பக்கத்தில் யாராவது சொன்னால்தான் உண்டு.

அந்த இடைவெளியில் நடப்பதை ஒரு குரல் சுருக்கமாகச் சொல்வதுதான் ஒலி விவரணை. இது நாங்கள் கேட்கும் சலுகை இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் 2019-இல் தொலைக்காட்சிக்கு மத்திய அரசு வகுத்த நெறிமுறை செவித்திறன் குறைந்தோருக்கானது. நல்ல விஷயம்தான், எங்களை ஏன் விட்டார்கள்? 2024-இல் திரையரங்குப் படங்களுக்கான நெறிமுறையில் ஒலி விவரணையும் சேர்ந்தது. பிரிட்டனில் தொலைக்காட்சிக்கே 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு வழி செய்துவிட்டார்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பார்வை மங்கியிருந்தால், ஆண்ட்ராய்டு டிவியின் செட்டிங்ஸில் 'டாக்பேக்' வசதியை இயக்கிக் கொடுங்கள். மெனுவை வாய்விட்டுப் படிக்கும். காட்சியை விவரிக்காது, அதைச் சேனல்கள்தான் தர வேண்டும்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் சேனல்களுக்கும் அனுப்ப மனு எழுதியிருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது ஒரு கையெழுத்துப் போடுங்கள், ஃபிளாட் எண்ணோடு.