பகடியும் வதையும்



உயர்கல்விக் கூடங்களின் மாணவர் மன்றங்களில் மூத்தவர் புதியவரைத் துன்புறுத்தும் வழக்கத்தைத் தடுப்பது எங்ஙனம் என்பது இன்றைய உரையின் பொருள். இது நிருவாகத்துக்கும் காவல்துறைக்கும் உரியதன்றோ, மொழியியலார் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். அடி விழுவதற்கு முன்னே சொல் விழுகிறது. அந்தச் சொல் விழும் இடத்திலேயே இதனைத் தடுக்கலாம் என்பதைக் கூறவே நாம் வந்துள்ளோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் ஆங்கிலச் சொல்லையே எடுத்து 'ராகிங்' என்கின்றனர். இலங்கைத் தமிழர் 'பகிடிவதை' என்கின்றனர். நம் நாட்டுத் தமிழ் ஊடகங்களில் 'பகடிவதை' என்பது வழக்காகிவிட்டது. பகடி என்பது வேடிக்கை, கேலி. வதை என்பதோ வடமொழியில் கொலையைக் குறித்த சொல்லிலிருந்து வந்து, தமிழில் துன்புறுத்தல் என்னும் பொருளுக்கும் விரிந்தது. தொகைச்சொல்லின் பொருள் முன்மொழியில் நிற்பதும் உண்டு, பின்மொழியில் நிற்பதும் உண்டு என்று தொல்காப்பிய எச்சவியல் பகுத்துக் காட்டுகிறது. இச்சொல்லிலோ, செய்பவர் முன்மொழியை மட்டும் கேட்கிறார். படுபவர் பின்மொழியை மட்டும் உணர்கிறார். சிக்கல் முழுவதும் இவ்விரு செவிகளுக்கு இடையில் இருக்கிறது.

பின்மொழி எவ்வளவு கொடியது என்பதற்குச் சான்றுகள் உள. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு, 1996 நவம்பரில் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் உயிரிழந்தார். மூத்தவர்கள் அவரைக் கடும் உடற்பயிற்சி செய்ய வைத்தனர். அதனால் சிறுநீரகம் செயலிழந்தது. தோப்புக்கரணம்தானே, தண்டால்தானே என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும். பழக்கமற்ற உடலை அளவுகடந்து வருத்தினால் தசைநார்கள் சிதைகின்றன. சிதைந்த தசையின் புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தை முடக்குகிறது. அங்கே அடித்த கை என்று எதுவுமே இராது. ஏவிய வாய் மட்டுமே இருக்கும்.

நம் நாட்டிலும் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக மாணவர் சுல்பர்ஹான், திருட்டுப்பழி சுமத்தப்பட்டு, உடன்பயின்றோரால் சூடான இஸ்திரிப்பெட்டி கொண்டு வதைக்கப்பட்டு, 2017 ஜூன் 1 அன்று இறந்தார். அது புதியவரை வரவேற்கும் சடங்கில் நிகழ்ந்ததன்று. ஆயினும் விடுதி அறைக்குள் பலர் கூடி ஒருவரை வருத்துவதும், அறிந்தோர் வாய்திறவாமையும் அங்கும் உண்டு.

முதல் இரு மரணங்களின் பின் சட்டங்கள் வந்தன. தமிழ்நாடு 1997இலும் இலங்கை 1998இலும் தனிச்சட்டம் இயற்றின. தமிழ்நாட்டுச் சட்டம் ஈராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. முறையீடு வந்தும் வாளாவிருக்கும் நிறுவனத் தலைவரையும் குற்றத்துக்கு உடந்தையானவராகக் கருதுகிறது. அச்சட்டம் தரும் வரையறை நம் துறைக்கு நெருக்கமானது. கேலி செய்வதையும், ஒரு மாணவர் இயல்பாகத் தாமே விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யுமாறு கேட்பதையும் அது குற்றத்துள் அடக்குகிறது. அடிப்பதை மட்டுமன்று, கேட்பதையே அது குறிக்கிறது. 'ஒரு பாட்டுப் பாடு' என்னும் தொடர் நண்பரிடையே வேண்டுகோள். மறுத்தால் இழப்பு நேரும் என்று அஞ்சுபவரிடம் அதே தொடர் ஆணை. இலக்கணத்தில் இரண்டும் ஏவல்வினையே. வேறுபாடு மறுக்கும் உரிமையில் இருக்கிறது.

'கேலி தமிழர் மரபுதானே' என்று மாணவர் வினவலாம். ஆம். நம் திருமண வீடுகளில் மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் கேலி செய்யாத நாள் உண்டா? ஆனால் அக்கேலி இருவழிப்பட்டது. மச்சான் சொன்னதை மாமன் அப்படியே திருப்பிச் சொல்லலாம், ஒருவரும் தண்டிக்கப்படார். அண்ணன் தம்பி உறவோ வேறு வகையது. அண்ணன் என்று அழைக்கப்படுபவர் காக்கும் கடமையை ஏற்கிறார். மன்றத்தில் மூத்தவர் தம்மை 'அண்ணன்' என்றே அழைக்கக் கட்டளையிட்டு, மச்சானுக்குரிய கேலியைத் திருப்பிச் சொல்ல முடியாத தம்பிமேல் ஏவும்போது, முறைப்பெயரைப் பறித்துக்கொண்டு முறையைக் கைவிடுகிறார். ஆகவே ஓர் எளிய அளவுகோல் தருகிறோம். நீங்கள் சொன்ன அதே சொல்லைப் புதியவர் உங்களிடம் அச்சமின்றித் திருப்பிச் சொல்ல இயலுமா? இயலுமாயின் அது பகடி. இயலாதெனின் அது வதை.

மலாக்காவில் வாழும் நாம் இதனைப் பிறரினும் நன்கு உணர வேண்டும். கங்காணிகள் வழி இங்கு வந்த நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்றனர். 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத்துத் தமிழில் பெரட்டு ஆயிற்று. மேலிருந்து 'டா' என்றும் 'டி' என்றும் இறங்கிய விளிக்குக் கீழிருந்து 'துரை', 'ஐயா' என்பதே மறுமொழி. ஜாசின், மெர்லிமாவ், தெபோங் பகுதித் தோட்டங்களிலிருந்து அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று உயர்கல்விக்குச் செல்கின்றனர். நள்ளிரவில் விடுதித் தாழ்வாரத்தில் அவர்களை மீண்டும் வரிசையில் நிறுத்துவது, பாட்டன் பட்ட இழிவைப் பேரன் கையாலேயே புதுப்பிப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைக்கு, எது வழக்கம், எது வரம்புமீறல் என்று எடுத்துச் சொல்ல வீட்டில் எவரும் இலர். தொலைபேசியில் 'நன்றாக இருக்கிறேன் அம்மா' என்று மட்டும் சொல்லும். அப்பிள்ளைக்குத் தமிழ் மன்றம் இரண்டாம் வீடு. அங்கே அவமானப்பட்டால் மன்றத்தை மட்டுமன்று, வெளியூரில் தன் மொழி பேசும் ஒரே இடத்தையும் அது இழக்கிறது.

எனவே மன்றப் பொறுப்பாளர்களுக்குச் சிலவற்றைப் பரிந்துரைக்கிறோம். வரவேற்பு நிகழ்ச்சியை எழுத்தில் வகுத்து முன்கூட்டியே ஆலோசக விரிவுரையாளரிடம் அளியுங்கள். அதனைப் பகலில், திறந்த அரங்கில் நடத்துங்கள். 'எதையும் மறுக்கலாம், மறுப்பதால் உறுப்புரிமை போகாது' என்று தலைவரே முதல் நாள் மேடையில் அறிவிக்கட்டும். புதியவர் 'நீங்கள்' என்றால் மூத்தவரும் 'நீங்கள்' என்க. இருவரும் உடன்பட்டால் இருவரும் 'நீ' என்க. மன்றத்துக்கு வெளியே முறையிடத்தக்க ஒருவரை அடையாளம் காட்டுங்கள். உடனிருந்து சிரிப்போரும் பங்காளிகளே. ஒருவர் 'போதும், நிறுத்துங்கள்' என்றால் பல வேளைகளில் கூட்டம் கலைந்துவிடும்.

ஆசிரியர்களே, வேண்டுகோள் மடல் எழுதவும் நன்றியுரை ஆற்றவும் நாம் பயிற்றுகிறோம். பணிவு குன்றாமல் மறுக்கவும் பயிற்ற வேண்டும். 'வேண்டாம்', 'மாட்டேன்' என்பன வினைமுற்றுப் பாடத்தின் எடுத்துக்காட்டுகள் மட்டுமல்ல. ஒரு மாணவரின் உயிரைக் காக்கக்கூடிய சொற்கள். தமிழ்ப்பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையும் அவற்றை நிமிர்ந்து நின்று சொல்லக் கற்றிருக்க வேண்டும். மன்றத்தில் அமர்ந்திருக்கும் ஒவ்வோர் அண்ணனும் அக்காளும் அவற்றைக் கேட்டவுடன் நிறுத்தக் கற்றிருக்க வேண்டும்.