கலத்தினுள்ளே ஒரு கரைவலை

பண்டத்தரிப்பிலே வளர்ந்த எனக்கு, சிறுபிராயத்தில் மாதகற் கரைக்குப் போய்க் கரைவலை இழுப்பதைப் பார்த்து நிற்பது ஒரு வழக்கமாயிருந்தது. வலையில் மீன் பட்டிருந்தாலும், ஆட்கள் ஒருவர் வாடியிலும் ஒருவர் வள்ளத்தடியிலுமாய்ச் சிதறி நிற்குமட்டும் மடி அசையாது. அவர்களே கயிற்றண்டை கூடி, அம்பாப் பாட்டின் அடிக்கொரு தரம் குதிகாலை மணலில் ஊன்றி வலிக்கத் தொடங்கினால், அத்தனை பாரமும் மெல்ல மெல்லக் கரையேறிவிடும்.

யோன் ஸ்கடர் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் 1820இல் எங்கள் ஊருக்கு வந்து வைத்தியம் தொடங்கிய காலத்தில், சரீரம் கலங்களாலானது என்ற சித்தாந்தமே பிறக்கவில்லை; இன்றோ, அக்கலத்தினுள்ளும் இந்த வலையிழுப்பு நடைபெறுவதை விஞ்ஞானிகள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள்.

கலமென்பது பல அறைகளுள்ள வீடு. அறைக்கு அறை செல்லும் சரக்குகள் மென்சவ்வாலான சிறு பைகளிலே போகின்றன. அவை தாமே மிதந்து போகட்டுமென்று விட்டுவிட்டால், முள்ளந்தண்டிலிருந்து பாதம்வரை நீளும் நரம்பிழையில் ஒரு பை போய்ச்சேர மனித ஆயுள் போதாது. ஆகையால் நுண்குழாய்கள் என்னும் பாதைகளும், அவற்றின்மேல் நடந்து பையை இழுக்கும் இயக்கப் புரதங்களும் அமைந்துள்ளன. அவற்றுள் கைனேசின் என்பதை 1985இல் வேல், றீஸ், ஷீற்ஸ் என்போர், நம் சந்தையில் விற்கும் ஊசிக்கணவாயின் இனத்ததொன்றின் நரம்பிலிருந்து பிரித்தெடுத்தனர். இரண்டு பாதங்களை மாற்றி மாற்றி வைத்து, அடிக்கு எட்டு நானோமீற்றராக, ஒவ்வோர் அடிக்கும் ஏ.ரி.பி. என்னும் எரிபொருளில் ஒரு மூலக்கூற்றைச் செலவழித்து, அது பெரும்பாலும் கலத்தின் விளிம்பை நோக்கி நடக்கிறது. டைனீன் என்னும் மற்றது உள்நோக்கி இழுப்பது. தனியே நின்றால் டைனீன் பலவீனமானது.

நமது இரத்தத்திலுள்ள தின்கலமொன்று கிருமியை விழுங்கும்போது, அதனை ஒரு சவ்வுப் பையிற் பொதிகிறது. அந்தப் பை, கிருமியைச் சீரணிக்கும் லைசோசோமிடம் போய்ச் சேரவேண்டும். முதலில் அது முன்னும் பின்னுமாய்த் தடுமாறுகிறது. பின்னர் ஒரே முகமாய் உள்ளே விரைகிறது. இதன் காரணத்தை மும்பாயின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக்கும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்டனர். பை முதிர முதிர, அதன் சவ்வில் கொலஸ்திரோல் செறிந்த திட்டுகள் உண்டாகின்றன. சிதறிக் கிடந்த டைனீன்கள் அத்திட்டுகளிலே வந்து கூடி, ஒரே கயிற்றைப் பற்றியவர்போல ஒருமித்து இழுக்கின்றன.

இந்த இரகசியத்தை நமக்கு முன்னரே அறிந்ததுபோல நடந்துகொள்ளும் கிருமி ஒன்றுண்டு. 1903இல் சென்னை அரசினர் வைத்தியசாலையில் சார்ள்ஸ் டொனவன் கண்டறிந்தமையால் அவர் பெயரையே தாங்கிய லீஷ்மேனியா டொனவானி அது. சர்க்கரைத் தொடர் கோத்த ஒருவகைக் கொழுப்பைப் பையின் சவ்விற் செருகி, அத்திட்டுகளை அது கலைத்துவிடுகிறதென்று அதே ஆராய்ச்சி காட்டிற்று. இழுப்பவரைக் கொல்லவில்லை, கூடவிடாமற் செய்தது, அவ்வளவே.

வட இந்தியாவில் காலா அசார் என்னும் கொடிய நோயைத் தருகின்ற அக்கிருமி, நம் இலங்கையில் மணல் ஈ கடித்த இடத்தில் பெரும்பாலும் தோற்புண்ணாக வெளிப்படுகிறது. வாரக்கணக்கில் ஆறாத, நோவில்லாத புண்ணைக் கண்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். அத்தகைய புண்ணைக் காணுந்தோறும், அதனடியில் கயிற்றை விட்டுச் சிதறி நிற்கும் வலைகாரரை நான் நினைத்துக்கொள்வதுண்டு.