மார்க்கமும் நியாயமும்

(உத்தமபாளையம் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இந்தக் கம்பம் பள்ளத்தாக்கிலே இந்துவும் இராவுத்தரும் ஒரே பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கிறார்கள். 1956-ல் ஹாஜி கருத்த இராவுத்தர் பெயரால் இவ்வூரில் ஏற்பட்ட கல்லூரியிலே எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாய்ப் படிக்கிறார்கள். ஆனால் "எது நியாயம்?" என்று கேட்டால் மாத்திரம், "அது எங்கள் மதம், நீர் பேசாதேயும்" என்கிறார்கள். நியாயம் என்ன, மதத்துக்கு மதம் மாறுகிற சரக்கா?

முஸ்லிம் சட்ட அறிஞர்கள் குர்ஆனோடு நின்றுவிடவில்லை. நபிமொழியையும், அறிஞர்களின் ஒருமித்த முடிவையும், ஒன்றைக்கொண்டு மற்றொன்றை ஒப்பிட்டு முடிவு செய்வதையும் ஆதாரமாகக் கொண்டார்கள். முயன்று ஆராய்வதற்கு 'இஜ்திஹாத்' என்று பெயரும் வைத்தார்கள். ஒப்பிடுவதும் ஆராய்வதும் புத்தியின் வேலையல்லவா? புத்தகத்தைப் படிப்பவனும் மனிதன். பொருள் சொல்லுபவனும் மனிதன். அதிலும் ஆண் மனிதன்! ஆகவே ஆண்டவன் தீர்ப்பு என்று வருவது பல சமயம் ஆண்கள் தீர்ப்பாகவே இருக்கிறது.

பெண்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் ஜமாத்தில் பெண்ணுக்கு இடமில்லையே என்று கேட்டுத்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அம்மையார் பெண்களுக்கென்றே ஒரு ஜமாத்தை ஏற்படுத்தினார். அவர் மார்க்கத்தை விட்டு வெளியேறிக் கேட்கவில்லை. உள்ளே நின்றே கேட்டார்.

2017 ஆகஸ்டு 22-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கைத் தள்ளிற்று. நீதிபதிகள் ஐவர்; ஐந்து மதத்தார். சீக்கியரும் முஸ்லிமும் கோர்ட்டார் அதில் கை வைக்கலாகாது என்றார்கள். கிறிஸ்தவரோ, அது குர்ஆனுக்கே விரோதம் என்று குர்ஆனை எடுத்துக் காட்டினார். பார்சியும் இந்துவும் சமத்துவத்துக்கு விரோதம் என்றார்கள். பார்த்தீர்களா? பிறந்த மதம் ஒன்று, சொன்ன காரணம் வேறொன்று. காரணம் சொல்லிப் பேசினால் எவரும் எவரோடும் பேசலாம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இதைக் கேட்டு இந்துத் தோழர்கள் கைதட்ட வேண்டாம். மகனுக்குப் பாதியானாலும் மகளுக்குச் சொத்தில் பங்கு உண்டென்று குர்ஆன் ஏழாம் நூற்றாண்டிலேயே சொல்லிற்று. நம் தமிழ்நாட்டு இந்துப் பெண்ணுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பிறப்புரிமை கிடைத்தது 1989-ல்! முத்தலாக் சொன்னவனுக்கு மூன்று வருஷம் வரை சிறை என்று 2019-ல் சட்டம் செய்தார்கள். மனைவியைத் தவிக்கவிட்டு ஓடும் இந்துவுக்கு அந்தச் சட்டம் உண்டா?

ஆகவே தோழர்களே, சமரசம் என்பது நோன்புக் கஞ்சியும் பொங்கலும் மாற்றிக் கொள்வதோடு முடிந்துவிடாது. உங்கள் வழக்கத்தை நானும் என் வழக்கத்தை நீங்களும் "ஏன்?" என்று கேட்க வேண்டும், கேட்டவன் மீது கோபிக்காமல் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாத வழக்கம் எந்த மதத்தினுடையதானாலும் ஒழியட்டும். நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய், முதலில் உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.