கருவுற்ற காலத்துச் சிறு தொல்லைகள்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கருவுற்ற பெண்களுக்கு நேரும் சில்லறை உபாதைகளைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் மருத்துவர் அல்லேன். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மூன்று பிள்ளைகளைப் பெற்றதும், இந்த டில்லிக் காலனியில் முப்பது ஆண்டுகளாகப் பலருடைய மசக்கையைக் கண்டதுமே என் தகுதி. மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஊரில் இருந்தால் இப்பேச்சுக்கே இடமில்லை. தாயோ, அத்தையோ, அடுத்த வீட்டுப் பாட்டியோ சொல்லிவிடுவர். இங்கோ வளைகாப்பு முடிந்து ஊருக்கு அழைத்துச் செல்லும் வரையில், மூன்றாம் மாடி வீட்டில் பகல் முழுவதும் அவள் தனியே இருக்கிறாள். சிறு வலியும் பேரச்சமாகிறது.

அஞ்ச வேண்டாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மசக்கை பெரும்பாலோருக்கு நான்காம், ஐந்தாம் மாதத்தில் தணிந்துவிடும். எழுந்திருக்கும் முன்பே ஒரு ரஸ்க்கைத் தின்று, பிறகு சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது நலம். தண்ணீரும் வயிற்றில் தங்காமல், சிறுநீர் குறைந்துபோனால் மட்டும் மருத்துவரிடம் ஓடவேண்டும். நெஞ்சு கரித்தால் குழந்தைக்கு முடி அடர்த்தி என்பர் பாட்டிமார். முடி இருக்கட்டும், இரைப்பையின் வாய்த்தசை தளர்வதும், வளரும் கருப்பை அதனை அழுத்துவதுமே காரணம். இரவு உணவை முன்னதாக முடித்து, தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுத்தால் தணியும். இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால், காலை நீட்டிப் பாதவிரல்களை முகத்தை நோக்கி மடக்குங்கள்.

டில்லிக் குளிரில் தாகம் எடுப்பதில்லை. ஆகவே தண்ணீர் குடிப்பதை மறந்து மலச்சிக்கலுக்கு ஆளாகிறோம். இரும்புச்சத்து மாத்திரை அதனை மிகுதியாக்கலாம், மலமும் கறுக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்தலாகாது. காப்பியோடு மட்டும் அதனை விழுங்காதீர்கள். சத்து உடலில் சரிவரச் சேராது. நம்மவருக்கு இதுதான் மிகக் கடினம்!

இனி, என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், எட்டாம் மாதத்தில் இருந்த ஒரு பெண் மாலையில் என் வீட்டிற்கு வந்தாள். "மாமி, நேற்றிலிருந்து தலைவலி, கை மோதிரம்கூடக் கழலவில்லை" என்றாள். "பிள்ளைத்தாய்ச்சிக்கு வீக்கம் இருக்கத்தானே செய்யும்" என்று சொல்லிச் சுக்குப் பற்றுப் போட்டு அனுப்பினேன். இரவில் அவள் கண்முன் மின்மினிகள் பறந்தனவாம். கணவருக்கோ இரவு வேலை. விடிந்தபின் மருத்துவமனைக்குச் சென்றபோது இரத்த அழுத்தம் 170. அன்றே அறுவை செய்து குழந்தையை எடுத்தனர். இன்னும் தாமதித்திருந்தால் வலிப்புக் கண்டிருக்கும் என்றார் மருத்துவர். தாயும் சேயும் பிழைத்தனர். அப்பையன் இன்று நம் மாடிப்படிகளில் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுக்குப் பற்று நினைவு வருகிறது.

மாலையில் பாதம் வீங்கி, காலையில் வற்றுவது இயல்பு. முகமும் கைகளும் திடீரென வீங்குவது, விடாத தலைவலி, பார்வை மங்கல், மேல்வயிற்று வலி, உதிரப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நேரமே புறப்படுங்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தினும் குறைந்தாலும் காலை வரை காத்திராதீர்கள். காரணமின்றி அழுகையும் சோர்வும் இரண்டு வாரம் நீடித்தால் அதனையும் மருத்துவரிடம் சொல்வது அவசியம், அது மனக்கோழைத்தனமன்று.

சொல்வதிலும் ஒரு தொல்லை. நம் பெண்கள் நர்ஸிடம் எல்லாவற்றிற்கும் 'தர்த்' என்ற ஒரே சொல்லைச் சொல்கின்றனர். வீக்கம் 'சூஜன்', எரிச்சல் 'ஜலன்', தலைசுற்றல் 'சக்கர்', பார்வை மங்கல் 'துந்த்லா'. கணவன்மாரும் கற்றுக்கொள்ளட்டும்.

கருவுற்று நான்காம் மாதம் முதல் உள்ளவர்களை, ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் 2016 முதல் நடைபெறுகிறது. அடுத்த 9ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நான் காலனி வாயிலில் நிற்பேன். உடன் வர விரும்பும் பெண்கள் இன்றே என்னிடம் பெயர் கொடுங்கள். இந்தி நன்கு பேசத் தெரிந்த தாய்மார் இருவரும் எனக்குத் துணை வேண்டும்.