சுரங்கத்து மகன் ஆடிய ஆட்டம்



“பாட்டும் ஆட்டமும் நிறைந்த நாடகத்தைப் பார்ப்பதால் நமக்கு என்ன பயன்?” என்று கேட்பவர்கள் உண்டு. பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயமே. அந்தக் கேள்விக்கு இன்று விடை காண்போம். அதற்காக மேல்நாட்டு இசை நாடகம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் ‘பில்லி எலியட்’. அதில் அரசர் இல்லை, அரண்மனை இல்லை. அது ஒரு தொழிலாளர் குடும்பத்தின் கதை.

முத்தமிழ் என்று இயலையும் இசையையும் நாடகத்தையும் சேர்த்துச் சொல்லும் நமக்குப் பாட்டால் கதை நடத்துவது புதிதன்று. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் பாத்திரங்கள் பாடியே வாதாடுவார்கள். மேல்நாட்டு இசை நாடகமும் அப்படித்தான். பேச்சு போதாத இடத்தில் பாட்டு வருகிறது. பாட்டும் போதாத இடத்தில் ஆட்டம் வருகிறது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் மாவட்டத்தில் உள்ள ஈசிங்டன். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர் அது. தந்தை இறங்கிய சுரங்கத்திலே மகனும் இறங்குவான். வீடும் கடையும் கூலியும் அந்த ஒரு தொழிலைச் சுற்றியே நிற்கும். அத்தகைய வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1984 மார்ச் மாதத்தில் பிரிட்டனின் நிலக்கரி வாரியம் இருபது சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தது. இருபதாயிரம் பேர் வேலை இழப்பார்கள் என்ற நிலை. தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்கரெட் தாட்சரின் அரசாங்கம் விட்டுக்கொடுக்கவில்லை. போராட்டம் ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. சம்பளம் நின்ற வீடுகளுக்காகப் பெண்கள் ஒன்று சேர்ந்து பொதுச் சமையல் நடத்தினார்கள். 1985 மார்ச்சில் தொழிலாளர் தோற்று வேலைக்குத் திரும்பினார்கள். இவை வரலாறு. இந்த வரலாற்றின் நடுவில் ஒரு கற்பனைச் சிறுவனை நிறுத்துகிறது நாடகம்.

பில்லிக்கு வயது பதினொன்று. தாய் இறந்துவிட்டாள். வீட்டில் பாட்டியும், வேலைநிறுத்தத்தில் இருக்கும் தந்தையும் அண்ணனும். தந்தை அவனைக் குத்துச்சண்டை பழக அனுப்புகிறார். அதே கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாலே நடனம் சொல்லிக்கொடுக்கிறார் திருமதி வில்கின்சன். அந்த வகுப்பில் தற்செயலாகக் கால்வைத்த பில்லி அதிலேயே ஒன்றிவிடுகிறான். செய்தி தந்தைக்கு எட்டுகிறது. சோற்றுக்கே வழியில்லாத நேரத்தில், ஆண்பிள்ளை பாலே ஆடுவதா என்று கொதிக்கிறார். ஆசிரியையோ, அரச பாலே பள்ளிக்கான தேர்வுக்கு அவனை இரகசியமாகப் பழக்குகிறார்.

இங்கே நாடகம் செய்யும் ஒரு வேலையைக் கவனியுங்கள். ஒரு பக்கம் போலீஸ்காரர்கள், மறு பக்கம் வேலைநிறுத்தக்காரர்கள். இரு கூட்டத்துக்கும் நடுவே அந்தச் சிறுமிகளின் நடன வகுப்பு நடக்கிறது. மூன்றும் ஒரே பாட்டில், ஒரே மேடையில் பின்னிப் பின்னி வருகின்றன. உண்மையில் எந்தப் போலீஸ்காரனும் நடன வகுப்புக்குள் நுழையவில்லை. ஆனால் ஊரில் சண்டை முற்ற முற்ற, அதே நாள்களில் ஒரு பிள்ளை கற்றுத் தேறுகிறான் என்பதைச் சில நிமிடங்களில் கண் முன்னே காட்டிவிடுகிறார்கள். கதைப்புத்தகத்தில் பல பக்கங்கள் எழுதினாலும் இரண்டையும் ஒரே நொடியில் காண முடியாது. மேடைக்கு மட்டுமே உள்ள வலிமை இது.

இன்னொன்று. ஊரில் மூண்ட கலவரத்தால் முதல் தேர்வு பில்லிக்குக் கைநழுவிப் போகிறது. அவன் யாரிடம் போய் முறையிடுவான்? பேசவே தெரியாத வயது. அவன் ஆடுகிறான். போலீஸ் கேடயங்களின் வரிசையை நோக்கி ஓடி மோதி, விழுந்து, எழுந்து ஆடுகிறான். அதில் நளினம் இல்லை, கோபம்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையின் கோபத்தை அடங்காப்பிடாரித்தனம் என்று தள்ளாமல் நின்று பார்க்க நமக்குக் கற்றுத்தரும் காட்சி அது.

ஆனாலும் இந்த நாடகத்தின் உயிர் தந்தையிடம்தான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் இரவில் மகன் தனியே ஆடுவதை அவர் பார்த்துவிடுகிறார். இது விளையாட்டன்று என்று அப்போது புரிகிறது. இலண்டனுக்குப் போகப் பணம் வேண்டும். கையில் ஒரு காசும் இல்லை. மகனுக்காகப் போராட்டத்தை முறித்து வேலைக்குப் போகத் துணிகிறார். கருங்காலி என்ற பெயரை விடப் பெரிய இழிவு அந்த ஊரில் இல்லை. மூத்த மகனே எதிரில் நின்று தடுக்கிறான்.

இருவரில் யார் பக்கம் நியாயம்? பிள்ளையின் எதிர்காலத்துக்காகத் தோழர்களைக் கைவிடலாமா? தோழர்களுக்காகப் பிள்ளையின் திறமையைப் புதைக்கலாமா? தொழிற்சங்கம் கண்ட எந்தக் குடும்பத்துக்கும் இது வெறும் கதையாகத் தோன்றாது. ஒருவன் கெட்டவன், மற்றவன் நல்லவன் என்று சொல்லி நாடகம் தப்பித்துக்கொள்ளவில்லை. கடைசியில் தங்கள் வீட்டிலேயே அடுப்பு எரியாத தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சமாய்ப் பணம் போடுகிறார்கள். போதாத குறைக்கு, வேலைக்குத் திரும்பிய ஒருவர் பெருந்தொகை கொண்டுவந்து நீட்டுகிறார். அந்தக் கையிலிருந்து வாங்குவதா என்று அண்ணன் சீறுகிறான். நாடகம் முடிந்த பிறகும் ஒரு குடும்பம் நெடுநேரம் பேசுவதற்கு இந்த ஓர் இடம் போதும்.

பில்லி தேர்வில் வெல்கிறான். அதே வேளையில் போராட்டம் தோற்கிறது. சுரங்கத்துக்குள் இறங்கும் தொழிலாளர்களின் தலைவிளக்குகள் இருளில் ஒளிர, அவர்கள் பாடிக்கொண்டே கீழே போகிறார்கள். பிள்ளை மேலே போகிறான், ஊர் கீழே போகிறது. ஒருவன் கரையேறியதால் எல்லோர் துன்பமும் தீர்ந்தது என்று பொய் சொல்லாத நேர்மையே இந்த நாடகத்தின் பெருமை. உண்மையான ஈசிங்டன் சுரங்கம் 1993-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமும் 2015 டிசம்பரில் நின்றுபோயிற்று.

நாடகம் பிறந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் இது 2000-ஆம் ஆண்டில் திரைப்படமாக வந்தது. அதைக் கண்டு கண்ணீர்விட்ட புகழ்பெற்ற பாடகர் எல்டன் ஜான், மேடைக்குக் கொண்டுவரலாம் என்று முன்வந்து இசையமைத்தார். வசனமும் பாடலும் எழுதிய லீ ஹால் அந்த வடகிழக்குப் பகுதியிலேயே பிறந்தவர். இயக்கியவர் ஸ்டீபன் டால்ட்ரி. 2005-இல் இலண்டனின் விக்டோரியா பேலஸ் அரங்கில் தொடங்கி 2016 வரை பதினோராண்டு நடந்தது. நியூயார்க்கில் 2009-ஆம் ஆண்டு பத்து டோனி விருதுகளைப் பெற்றது.

பில்லியாக வரும் சிறுவன் பாட வேண்டும், நடிக்க வேண்டும், பாலேயும் தட்டு நடனமும் ஆட வேண்டும். ஒரு பிள்ளையால் தினமும் தாங்கக்கூடிய வேலையன்று அது. ஆகவே சில சிறுவர்கள் முறைவைத்து ஆடினார்கள். இலண்டனில் தொடக்கத்தில் ஆடிய மூவருக்கும் சேர்த்தே சிறந்த நடிகருக்கான ஒலிவியர் விருது 2006-இல் வழங்கப்பட்டது. ஒரு மணித்துளி ஆட்டத்துக்குப் பின்னால் எத்தனை நாள் பயிற்சி இருக்கும் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

இலண்டனுக்குப் போய்ப் பார்க்க எல்லோராலும் முடியாது. 2014 செப்டம்பரில் அந்த அரங்கில் நடந்த ஆட்டத்தைப் படம்பிடித்துத் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள். பதிவாகவும் அது வெளிவந்தது. கிடைத்தால் குடும்பத்தோடு பாருங்கள். சுரங்கத் தொழிலாளர் பேச்சில் வசைச்சொற்கள் மிகுதி. சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்ப்பதா என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. மொழி முழுதும் விளங்காவிட்டாலும் கவலை வேண்டாம். கதையைத்தான் இப்போது கேட்டுவிட்டீர்களே! மிச்சத்தை ஆட்டம் சொல்லும்.

பிள்ளையிடம் இருக்கும் திறமையை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியர். அதை மறுப்பவர் பெரும்பாலும் பெற்றவர்; அதுவும் அன்பினாலே. மறுத்த அந்தத் தந்தை, தம் கண்ணால் ஒருமுறை பார்த்த பிறகு மாறினார். உங்கள் வீட்டுப் பிள்ளை வரையலாம், பாடலாம், உறுமி கொட்டலாம். “இது சோறு போடுமா?” என்று கேட்பதற்கு முன்னால், ஒருமுறை உட்கார்ந்து முழுதாகப் பாருங்கள்.